வைரவர் பெய்வித்த ஆறு மில்லிமீற்றர்

இதை எழுதலாமா விடலாமா என்று ஐந்து வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை எழுதத் தொடங்கி மூன்று தடவையும் கிழித்தேன். ஒரு தடவை எழுதிய தாளை என் மனைவி பூமணி அடுப்பு மூட்ட எடுத்துவிட்டாள். (வாசித்துவிட்டுத்தான் மூட்டினாள். "உங்களைக் கொஞ்சம் நல்லவராக் காட்டி எழுதியிருக்கிறியள், அதுதான் நல்லா எரிஞ்சுது" என்றாள்.) இந்தமுறை அப்படி எழுதவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கிளிவெட்டிக்குப் பக்கத்தில். எனக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் எட்டாத மேட்டு வயல், வானத்தை நம்பிச் செய்வது. முன்பெல்லாம் புரட்டாசி முடிய மழை வரும், விதைப்போம், விளையும். பிறகு மழைக்கு என்ன நடந்ததோ தெரியாது. முதலில் ஒரு தூறல் தூறி ஆசை காட்டும். அதை நம்பி விதைப்போம். நெல் முளைத்து இரண்டு இலை விட்டதும் வெயில் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு சொட்டும் விழாது. முளைத்ததெல்லாம் கருகிப் போகும். தொடர்ந்து இரண்டு பெரும்போகம் எங்கள் வயல் கண்டத்தில் இப்படித்தான் விதை நெல்லைப் பறிகொடுத்தோம்.

அந்த நேரத்தில்தான் புதிதாக வந்த விவசாயப் போதனாசிரியை எங்களைக் கூட்டி ஒரு திட்டம் சொன்னார். பாலையூற்றில் இருந்து ஸ்கூட்டரில் வருகிற பிள்ளை. என் மகளை விட நாலைந்து வயது கூட இருக்கும். நாங்கள் எல்லோரும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவோம்.

"முதல் மழையை நம்பாதீங்கோ," என்றார் மிஸ். "ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மழைமானி தாறம். ஒரு ஆள் ஒவ்வொரு நாளும் காலமை எட்டரைக்கு அதைப் பார்த்துக் கொப்பியில எழுதோணும். வட்ஸ்அப்பிலயும் போடோணும். பதினைஞ்சு நாளுக்குள்ள கூட்டிப் பார்த்து ஐம்பது மில்லிமீற்றர் தாண்டினால், நிலத்துக்குள்ள ஈரம் இறங்கியிருக்கு எண்டு அர்த்தம். அதுக்குப் பிறகுதான் விதைக்கிறது. ஆனா ஒண்டு, எழுதுற ஆள் பொய் எழுதக்கூடாது. பூச்சியம் எண்டால் பூச்சியம்."

எழுதுவது யார் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். (அந்த அடக்கத்தை நான் நெடுநாளாகப் பழகி வைத்திருந்தேன்.) நெற்றி நிறையத் திருநீறு, விடிய நாலரைக்கு எழும்பிக் குளியல், வீட்டு வளவு மூலையில் இருக்கும் வைரவருக்குப் பூசை. ஊரில் என்னை விட ஒழுக்கமான ஆள் இல்லை என்பது ஊருடைய அபிப்பிராயம். எனக்கும் அதில் பெரிய மாறுபாடு இருக்கவில்லை.

முதலில் கையைத் தூக்கியவர் ஹனிபா காக்கா. மூதூர் முஸ்லிம், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோம். என் வயலுக்கு அடுத்த வரம்பில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். என்னை விட ஐந்து வயது மூத்தவர். வரம்பில் இருந்து ஒன்றாகத் தேத்தண்ணி குடித்த பழக்கம் எங்களுக்கு இருபது வருடத்துக்கு மேல்.

"இவர எழுதுங்க மிஸ்," என்றார் காக்கா. "எழும்பினா சாமி, படுத்தா சாமி. பொய் எழுத இவருக்கு நேரம் எங்க இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அடக்கமாகச் சிரித்தேன்.

அடுத்த நாள் மிஸ் வந்து முற்றத்து நடுவில், மரம் இல்லாத, கூரை இல்லாத வெளியில் ஒரு முதிரைக் கட்டையை நட்டு, அதன் தலையில் அந்த மழைமானியைப் பூட்டினார். கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் குவளை, பக்கத்தில் கோடு கோடாக இலக்கம். "ஐயா, இதை இஞ்ச இருந்து அசைக்கக்கூடாது" என்று இரண்டு தரம் சொன்னார். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன்.

அவருடைய ஸ்கூட்டர் சந்தி தாண்டியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. மழை என்பது கடவுள் தருவது. கடவுள் தருவதை அளக்கிற பாத்திரம் கோழி மேய்கிற முற்றத்தில் நிற்கலாமா? கோழி எச்சம் போட்டால் அது யாருக்குப் பாவம்? மண்வெட்டியை எடுத்துக் கட்டையைக் கிளப்பி, வைரவர் சந்நிதியில், அவருடைய சூலத்தில் இருந்து கை எட்டும் தூரத்தில் நட்டேன். மழைமானிக்கு ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். (இலக்கத்தை மறைக்காமல்தான் வைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது.)

எங்கள் வைரவருக்குக் கூரை இல்லை. ஒரு சீமெந்துப் பீடம், அதில் ஒரு ஆள் உயரச் சூலம், அவ்வளவுதான். அபிஷேகம் செய்வதென்றால் பீடத்தில் ஒரு காலை வைத்து ஏறி, குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி, சூலத்தின் மூன்று முனையிலும் விழும்படி ஊற்றவேண்டும். ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பக்தி ஒரு காரணம், கண்ணுக்குள் தண்ணீர் தெறிப்பது இன்னொரு காரணம். ஆக, தண்ணீர் தெறிக்கிறது என்பது என் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அந்த வருடம் புரட்டாசியில் நல்ல வெயில். கிணறு இறங்கிக்கொண்டே போனது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வந்தது, கிழமைக்கு இரண்டு தடவை. மழை வேண்டி நான் ஒரு நேர்த்தி வைத்தேன்: ஒவ்வொரு நாளும் விடிய ஐந்து மணிக்கு வைரவருக்கு ஏழு குடம் தண்ணீர்.

முதல் நாள் எட்டரைக்குக் குவளையைப் பார்த்தேன். இரண்டு மில்லிமீற்றர்!

எனக்கு மெய் சிலிர்த்தது. நாங்கள் தூங்கும்போது தூறியிருக்கிறது! கொப்பியில் "2" என்று எழுதி, நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டேன். குசினியில் நின்ற பூமணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வெளியே வந்து கொடியைப் பார்த்தாள். இடுப்பில் உடுத்துகிற என் சாரம், இரவு எடுக்க மறந்தது, அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மழை பெஞ்சதெண்டால் இந்தச் சாரம் ஏன் காஞ்சு கிடக்கு?"

"பூமணி, கடவுள் எங்க பெய்யோணும் எண்டு அவருக்குத் தெரியும்."

"ஓம். சாரத்தில பெய்யக்கூடாது எண்டு நேர்த்தி வச்சியளோ?"

அவளுக்கு நம்பிக்கை குறைவு என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த நாளும் இரண்டு. அதற்கு அடுத்த நாளும் இரண்டு. ஐந்து நாள் தொடர்ந்து இரண்டு வந்தபோது வைரவர் என்னோடு பேசத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் திடமாகப் பட்டது. ஏழு குடத்துக்கே இரண்டு தருகிறவர், கூட ஊற்றினால் கூடத் தரமாட்டாரா? பதினாலு குடமாக்கினேன். நாலு மில்லிமீற்றர்! ஐந்து நாள் நாலு நாலாக வந்தது. பிறகு இருபத்தொரு குடம். ஆறு மில்லிமீற்றர்!

இவ்வளவு ஒழுங்கான மழையை உலகத்தில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் அந்தக் கொப்பியைக் கொடுத்திருந்தால் அது ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கும். நானும் எட்டாம் வகுப்புத்தான். ஆனால் எனக்குக் கணக்கை விடப் பக்தி முந்திக்கொண்டது.

பூமணி ஒரு நாள் பவுசர் வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்று இரண்டு குடத்தோடு வந்தாள். வந்தவள் ஈரமாகக் கிடந்த பீடத்தைப் பார்த்தாள்.

"வைரவர் ஒவ்வொரு நாளும் இருபத்தொரு குடத்தில குளிக்கிறார். நான் தலை முழுகி நாலு நாள். அவரிட்டக் கேட்டுப் பாருங்கோ, ஒரு குடம் எனக்குக் கடன் தருவாரோ எண்டு."

நான் "சிவ சிவா" என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

வட்ஸ்அப்பில் எங்கள் திட்டத்துக்கு ஒரு குழு இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஊர். எட்டரைக்குப் பிறகு எல்லா ஊரில் இருந்தும் வரும்: பூச்சியம், பூச்சியம், பூச்சியம். நடுவில் நான் ஒருவன் மட்டும்: ஆறு. முதலில் சிலர் கைகூப்புகிற படம் போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு செய்தி போட்டேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது: "உங்கள் ஊர்களில் வழிபாடு குறைந்துவிட்டதோ என்று சிந்திக்கவும்."

ஒருவரும் பதில் போடவில்லை. சிந்திக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் உண்மையிலேயே மழை தூறியது. கால் மணித்தியாலம் இருக்கும். எட்டரை வரை பொறுக்காமல் அப்போதே அளந்து குழுவிலும் போட்டேன். அது ஐந்து, அன்று காலை இருபத்தொரு குடத்தின் ஆறு, எல்லாம் சேர்த்துக் கொப்பியைக் கூட்டினால் ஐம்பத்து மூன்று! கோடு தாண்டிவிட்டது.

அடுத்த நாள் காலையிலேயே ஹனிபா காக்கா சைக்கிளில் வந்தார். முற்றத்தில் கதிரை போட்டும் இருக்கவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

"தம்பி, ஐம்பது தாண்டிட்டெண்டு போன்ல பார்த்த. மெய்தானா?"

"ஓம் காக்கா. ஐம்பத்து மூண்டு."

"மேலால மட்டும் நனைஞ்ச மாதிரித்தான் எனக்கு விளங்குது. உள்ள தோண்டிப் பார்த்தா புழுதி."

"உங்களுக்குத் தெரியாமல் விடியப்புறத்தில பெய்யுது காக்கா. நிலம் குடிச்சிடுது."

அவர் வானத்தை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "என்னட்ட இருக்கிறது இந்த ரெண்டரைப் புசல் விதை மட்டுந்தான். இதுவும் போனா வேற இல்ல. இந்தப் போகமும் பிழைச்சா காணிக்காரர் நிலத்த வேற ஆளுக்குக் குடுக்கிறதெண்டு சொல்லிட்டார். அதுதான் கேக்கிற. நீங்க சொல்லுங்க. விதைக்கவா?"

நான் வைரவரைத் திரும்பிப் பார்த்தேன். சூலத்தில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிய சாட்சி!

"துணிஞ்சு விதையுங்கோ காக்கா" என்றேன்.

அவர் அன்றைக்கே விதைத்தார்.

நானும் விதைக்கத்தான் போனேன். விதை நெல் இருந்த அறைச் சாவி பூமணியின் இடுப்பில். கேட்டேன். அவள் கொடிக்குப் போய், முந்தின நாள் தூறலில் கிடந்த என் சாரத்தை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கினாள்.

"ஒரு சொட்டு வருதோ பாருங்கோ. இதைப் பிழிஞ்சு தண்ணி வாற அண்டைக்குச் சாவி தாறன்."

"மிஸ் சொன்ன கணக்குப் பூமணி!"

"மிஸ்ஸின்ர கணக்குச் சரியாத்தான் இருக்கும். உங்கட குவளையிலதான் எனக்குச் சந்தேகம்."

நான் கோபித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிடவில்லை. (பின்னேரம் சாப்பிட்டேன்.) ஆக, அந்தக் கண்டத்தில் விதைத்தது ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் உழவு இயந்திரம் வரட்டும் என்று காத்திருந்தார்கள். விதைக்கச் சொன்ன என் நெல் அறைக்குள் பத்திரமாக இருந்தது.

காக்காவின் நெல் அந்தத் தூறலுக்கு முளைத்தது. பச்சைப் பசேலென்று வரம்பில் நின்று பார்க்க அழகாக இருந்தது. பிறகு வெயில். ஒரு கிழமையில் நுனி மஞ்சளானது. பத்தாம் நாள் கருகத் தொடங்கியது. அந்தப் பத்து நாளும் என் கொப்பியில் ஆறு ஆறாக மழை பெய்துகொண்டிருந்தது.

அவர் ஒரு நாள் வந்து கொப்பியை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"தம்பி, ஒங்கட கொப்பியில மழை பெய்யுது, என்ட வயல்ல தீ எரியுது. நடுவில இருக்கிறது அரைக் கட்டைத் தூரந்தானே. எப்பிடி இது?"

இப்போது வருவதுதான் ஐந்து வருடமாக என்னை எழுதவிடாமல் தடுத்தது. நான் அந்த மனிதனின் தோளில் கையை வைத்து, மிகவும் கனிவாக, ஒரு குருக்களின் குரலில் சொன்னேன்: "கேக்கிற இடத்திலதான் பெய்யும் காக்கா. நீங்களும் இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டுப் பாருங்கோ."

அவர் கோபிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுக்க அவர் விடியத் தொழுகைக்குப் பிறகும் பள்ளியில் நெடுநேரம் இருந்தார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இதற்கிடையில் மிஸ் போன் எடுத்தார். "ஐயா, சுத்துவட்டாரத்தில ஒரு இடத்திலயும் மழை இல்லை. உங்கட வளவில மட்டும் ஒவ்வொரு நாளும் ஆறு. எங்கட திணைக்களப் பெரியவை வந்து பாக்கோணுமாம். வேற ஊர் விவசாயிகளையும் கூட்டிக்கொண்டு வாறம்."

என்னைப் பார்க்கப் பஸ் பிடித்து வருகிறார்கள்! நான் வாடகைக்குக் கதிரை எடுத்தேன். வாழைப்பழம் வாங்கினேன். அன்றைக்கு மட்டும் அபிஷேகத்தை ஐந்து மணிக்குச் செய்யாமல் எட்டு மணிக்கு ஒத்திவைத்தேன், எல்லோரும் காணட்டும் என்று. விசேட நாள் என்பதால் முதல் குடத்தில் மஞ்சளும் கரைத்தேன்.

முப்பது பேர் வந்தார்கள். ஹனிபா காக்காவும் வந்திருந்தார், கடைசிக் கதிரையில். நான் வேட்டியை மடித்துக் கட்டி, பீடத்தில் ஏறி, கண்ணை மூடி, தேவாரம் சொல்லி, இருபத்தொரு குடத்தையும் ஊற்றி முடித்தேன். கண்ணைத் திறந்தபோது ஒருவரும் வைரவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் தான் கட்டை நட்ட முற்றத்து நடுவை ஒருக்காத் திரும்பிப் பார்த்துவிட்டு, கிட்டப் போய்க் குனிந்தார்.

"ஐயா... இது மஞ்சளா இருக்கு."

குவளைக்குள் இளமஞ்சள் நிறத்தில் தண்ணீர். அதில் ஒரு செவ்வரத்தம் பூ இதழ் மிதந்துகொண்டிருந்தது.

 வட்ஸ்அப்பில் நான் வழிபாடு பற்றிப் புத்தி சொன்ன ஊர்க்காரர் ஒருவர் பின்னால் இருந்து சொன்னார்: "இவடத்த மழை மஞ்சள் பூசி, பூ வச்செல்லோ வருது! எங்கட ஊர் மழைக்கு இந்த ஒழுக்கம் இல்லை."

பந்தல் மாதிரிச் சிரிப்பு விரிந்தது. என் காது இரண்டும் சுட்டது. அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் இருந்து வந்தது வேறு.

"இண்டைக்கு மட்டுந்தான் மிஸ் தெறிச்சது. மற்ற நாளெல்லாம் மழைதான்."

அது பொய் என்பது, சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு, நாலு, ஆறு எல்லாம் ஒரு கணத்தில் ஒன்றாக விளங்கின. ஆனால் முப்பது பேருக்கு முன்னால், நெற்றியில் திருநீறோடு, வாயைத் திரும்பத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் கடைசிக் கதிரையில் இருந்து ஹனிபா காக்கா எழும்பினார்.

"ஓம் மிஸ். ஒரு நாள் தெறிச்சிருக்கும். இவர் பொய் சொல்ற ஆள் இல்ல. எனக்கு இருவது வருசமாத் தெரியும்."

அந்த இடத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் பீடத்தோடு சந்தோசமாகப் போயிருப்பேன்.

மிஸ் நல்ல பிள்ளை. என்னைத் திட்டவில்லை. குவளையைக் கழற்றிக் கவிழ்த்து, துடைத்து, திரும்பப் பூட்டினார். "ஐயா, குறை நினைக்காதீங்கோ. ஒருக்கா வழக்கமா ஊத்துறமாதிரி ஊத்திக் காட்டுங்கோ, பாப்பம்."

திரும்பவும் பீடத்தில் ஏறினேன். வந்தவர்கள் கூட்டமாக எண்ணத் தொடங்கினார்கள். "ஒண்டு! ரெண்டு! மூண்டு!" திருவிழா மாதிரி. ஏழு முடிந்ததும் மிஸ் குனிந்து பார்த்தார். "இரண்டு" என்றார். சிரிப்பு. பதினாலு முடிந்தது. "நாலு." இந்தமுறை சிரித்தவர்கள் குறைவு. பதினைந்துக்கு வாளியை இறக்கினேன். கிணற்றில் சேறு இடித்தது. மேலே வந்தது கால் வாளி கலங்கல்.

எண்ணிக்கை நின்றது. எல்லோரும் விவசாயிகள். கிணற்றில் வாளி இடிக்கிற சத்தம் என்னவென்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பூமணி குசினியில் இருந்து வந்தாள். பவுசரில் பிடித்து, சமையலுக்கு என்று மூடி வைத்திருந்த குடத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"இந்தாங்கோ. பதினைஞ்சு."

நான் அந்தக் குடத்தைத் தூக்கவில்லை. பீடத்தில் இருந்து இறங்கினேன். மிஸ் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு ஐந்து தரம். நாலு ஐந்து தரம். பிறகு ஆறு, ஆறு, ஆறு. அவர் கொப்பியை மூடினார். நான் கடைசிக் கதிரையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. சைக்கிளும் இல்லை.

வாழைப்பழத்தை ஒருவரும் தொடவில்லை என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல, எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் வயலுக்குப் போனேன். காக்கா கருகிய பயிருக்கு நடுவில் வரம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கையை நிறுத்தவில்லை.

"காக்கா, நான் நேற்றுப் பொய் சொன்னனான்."

"தெரியும்."

"ஒரு நாள் இல்லை. எல்லா நாளும் நான் ஊத்தின தண்ணிதான். வேணுமெண்டு செய்யேல்லை. ஆனா நேற்று விளங்கின பிறகும் பொய் சொன்னனான். நீங்கள் எனக்காக எழும்பினீங்கள்."

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"தம்பி, குவளைய எனக்குத் தெரியாது. மில்லிமீற்றரும் தெரியாது. நான் மழைமானியப் பார்த்து விதைக்கல்ல. ஒங்களப் பார்த்துத்தான் விதைச்ச."

நான் வரம்பில் இருந்துவிட்டேன். அழுதேன் என்றும் எழுதலாம், ஒருவரும் பார்க்கவில்லை என்றும் எழுதலாம். காக்கா பார்த்தார். கொஞ்சம் கழித்து அவரும் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீங்க கூடக் கேக்கச் சொன்னீங்க தானே? பள்ளியில இருந்து என்ன கேட்ட தெரியுமா? யா அல்லாஹ், அந்த மனிசன்ட வளவுக்குப் பெய்ற மழைய என்ட வயலுக்கும் தா எண்டு கேட்ட." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல வேளை, அவன் தரல்ல. தந்திருந்தா பதினாலு குடத்தோட நிண்டிருக்கும்."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவருடைய கண் சிரிக்கவில்லை என்பதை நான் கண்டேன். காணி போகப்போகிறது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது விதை நெல் அறை திறந்து கிடந்தது. பூமணி நிலத்தில் இருந்து அளந்துகொண்டிருந்தாள். ஐந்து புசலில் இரண்டரைப் புசலை வேறு சாக்கில் கட்டிவிட்டாள்.

"இது காக்காவுக்கு. நாங்கள் இந்தமுறை ஒரு ஏக்கர் விதைச்சாக் காணும்."

நான் கேட்காமலே செய்திருக்கிறாள். நான் கேட்கவேண்டிய ஆள் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மூதூருக்குப் போனேன். காக்கா முதலில் வாங்கவில்லை. "பூமணி தந்தது" என்றேன். உடனே வாங்கினார். (என் பெயரைச் சொல்லியிருந்தால் திரும்பக் கொண்டுவந்திருப்பேன்.)

மழைமானியையும் அவரிடமே கொடுக்கும்படி மிஸ்ஸிடம் நானே கேட்டேன். அது அவருடைய வயல் மூலையில், வெட்டவெளியில், பொட்டு இல்லாமல் நின்றது. குழுவில் அவர் ஒவ்வொரு நாளும் போட்டார்: பூச்சியம். பூச்சியம். பூச்சியம். அந்தப் பூச்சியங்களை ஊர் முழுக்க நம்பியது. நானும் நம்பினேன்.

கார்த்திகை பிறந்து ஒரு கிழமையில் மழை வந்தது. வடகீழ்க் காற்றோடு, கடல் பக்கம் கறுத்து, மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் விடிய பூமணி கொடியில் இருந்த சாரத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது. சாவியை என் கையில் வைத்தாள். அதே நேரம் போன் அடித்தது. காக்கா.

"தம்பி, எழுவது தாண்டிட்டு. குவளை சொல்லுது. ஒங்கட வீட்டுச் சாரம் என்ன சொல்லுது?"

"பிழிஞ்சாச்சு காக்கா."

"அப்ப விதைப்பம்."

பிந்திய விதைப்புத்தான். விளைச்சலும் மட்டமட்டுத்தான். ஆனால் காக்கா காணிக்காரரிடம் தலை நிமிர்ந்து போகப் போதுமாக இருந்தது. இன்றைக்கும் அந்த ஒரு ஏக்கரை அவர்தான் செய்கிறார். இன்றைக்கும் என் அடுத்த வரம்புதான்.

எங்கள் வீட்டில் அந்தச் சாரம் இன்னும் இருக்கிறது. உடுப்பதற்கில்லை, பிழிவதற்கு. மகளுக்குப் போன வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மிகவும் நல்லவர், குடிக்கமாட்டார், கோயில் தவறமாட்டார் என்று நான் வர்ணித்துக்கொண்டிருந்தேன். மகள் தாயைப் பார்த்து, "அம்மா, சாரம் பிழிஞ்சு பார்த்தாச்சோ?" என்றாள். நான் அதோடு வாயை மூடிவிட்டேன். (பிழிந்து பார்த்தார்கள். நல்ல பிள்ளைதான். கல்யாணம் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ஹனிபா காக்கா மாப்பிள்ளையிடம், "மாமனார் மழை வருதெண்டு சொன்னா மாமியிட்டக் கேட்டுக்கொள்ளுங்க" என்றார்.)

வைரவரை நான் விடவில்லை. விடிய எழும்புகிறேன், குளிக்கிறேன், ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறேன். ஒரே ஒரு செம்பு. அவர் என்னை ஏமாற்றினார் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நான் என்ன செய்கிறேன் என்பதை ஒவ்வொரு நாளும் பக்கத்திலேயே, கோடு போட்ட குவளையில், பிசகாமல் காட்டிக்கொண்டு இருந்தார். நான்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

இப்போது இதை ஏன் எழுதினேன் என்று சொல்லவேண்டும். இந்தக் கதை ஊரில் இரண்டு விதமாகத் திரிகிறது. ஒன்றில், எங்கள் வளவில் மஞ்சள் மழை பெய்ததாம், வைரவர் அற்புதம் செய்தாராம். போன மாசம் தூரத்தில் இருந்து இரண்டு குடும்பம் அதைக் கும்பிட வந்துவிட்டது. மற்றதில், ஒரு தமிழன் தன் நெல்லைப் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்து முஸ்லிமின் விதையை வேண்டுமென்றே அழித்தானாம். முதலாவதைக் கேட்டால் எனக்கு வெட்கம். இரண்டாவதைக் கேட்டால் பயம். அதை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் இரந்து கேட்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். என்னைக் கெட்டவனாக்கவும் வேண்டாம், வைரவரைப் பெரிதாக்கவும் வேண்டாம், காக்காவைப் பாவம் ஆக்கவும் வேண்டாம். இதில் ஒரு குடமும் கூட ஊற்றாமல், இருக்கிற கோட்டிலேயே பார்த்துச் சொல்லுங்கள். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே.